கணக்கில் வராத 140 பேர்

போன வாரம் ராஸ் தீவின் தூக்குமரத்தடியில் உங்களை நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். ஏழு நாள் காத்திருந்தவர்களுக்கு நன்றி. திட்டியவர்களுக்கும் நன்றி.

இந்த வாரம் கயிறு இல்லை. துப்பாக்கி இல்லை. ஒரே ஒரு தாள்தான்.

ஆனால் அந்தத் தாள் லேசுப்பட்டதல்ல.

1858 ஜூன் 16. அந்தமானில் மழைக்காலம். டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் கைதிகளின் கணக்கை எழுதுகிறார். புதிதாக நம்மோடு சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி: ஆக்ராவில் சிறையை நடத்திப் பழகியவர், படிப்பால் மருத்துவர். மார்ச் 10 அன்று ‘செமிராமிஸ்’ கப்பலில் 200 கைதிகளோடு இங்கே வந்து இறங்கினார். கூட வந்தவர்கள் 50 கடற்படைக் காவலர்கள், ஒரு மேற்பார்வையாளர், இரண்டு இந்திய மருத்துவர்கள். அவ்வளவுதான். பிறகு கல்கத்தாவிலிருந்தும் கராச்சியிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சிப்பாய்ப் புரட்சிக்காகத் தீவாந்திர தண்டனை பெற்றவர்கள்.

மூன்று மாதத்து வரவு செலவு. மொத்தம் ஆறு வரி.

வந்து சேர்ந்தவர்கள் 773.

ஆஸ்பத்திரியில் இறந்தவர்கள் 64.

தப்பியோடி, பிடிபடாதவர்கள் 140.

தற்கொலை 1.

தப்ப முயன்றதற்காகத் தூக்கிலிடப்பட்டவர்கள் 87.

மீதி 481.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஒரு தலைகூடப் பிசகாது.

இப்போது உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். பதிலை மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். இந்தக் குடியிருப்பில் நூற்றுக்கு எத்தனை பேர் செத்தார்கள்?

64ஐ 773ஆல் வகுத்தவர்கள் இருப்பீர்கள். நூற்றுக்கு 8 வரும். புதுக் காடு, புது மழை, காய்ச்சல், சீதபேதி. எட்டுப் பேர் போவது கொடுமைதான். ஆனாலும் கல்கத்தாவில் உட்கார்ந்து வாசிக்கும் அதிகாரி பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த கோப்பைப் புரட்டிவிடுவார்.

தூக்கில் தொங்கியவனும் செத்தவன்தானே என்று கேட்டவர்கள் 64, 1, 87 மூன்றையும் கூட்டியிருப்பீர்கள். 152. நூற்றுக்கு 20.

காட்டுக்குள் போன 140 பேர்? அவர்கள் பட்டினியில் மாண்டிருப்பார்கள், அல்லது தீவின் பூர்வகுடிகளின் அம்புக்கு இரையாகியிருப்பார்கள் என்பதே வாக்கரின் ஊகம். அதையும் சேர்த்தால் 292. நூற்றுக்கு 38.

எட்டு. இருபது. முப்பத்தெட்டு.

தாள் ஒன்றுதான். ஆட்களும் அதே ஆட்கள்தான்.

வாக்கர் பொய் எழுதவில்லை. எல்லாவற்றையும் எழுதினார். ஆனால் வரிவரியாகப் பிரித்து எழுதினார். அந்த மனிதருக்குள் இருவர் இருந்ததை மறக்கக் கூடாது. ஒருவர் மருத்துவர். ‘ஆஸ்பத்திரியில் இறந்தவர்கள்’ என்ற வரி அவருடைய பொறுப்பு. இன்னொருவர் குடியிருப்பின் கண்காணிப்பாளர். ‘தூக்கிலிடப்பட்டவர்கள்’ என்ற வரி இவருடையது. தனித்தனியாக வைத்தால் மருத்துவரைப் பார்த்து எவரும் விரல் நீட்ட முடியாது. ஒரு மனிதன் பிழைப்பதற்கும் சாவதற்கும் எத்தனையோ காரணம். அவன் எந்தக் கட்டத்தில் செத்தான் என்பதை மட்டும் பேனா பிடித்தவர் முடிவு செய்கிறார்.

87 தூக்கும் கல்கத்தாவை அதிரவைத்ததைப் போன வாரமே பார்த்தோம். தப்பியோடியதற்காக இனி எவரையும் தூக்கில் போடக் கூடாது என்று உத்தரவே வந்தது. ஆனால் 64க்காக எவரும் அதிரவில்லை.

அதிர்ந்திருக்க வேண்டும்!

ஏனென்று கேளுங்கள். நூற்றுக்கு எட்டு என்றோமே, எத்தனை நாளில் எட்டு? மார்ச் 10லிருந்து ஜூன் 16 வரை 98 நாள். ஒரு வருஷத்தில் கால்பங்கைவிடச் சற்றே அதிகம். அதிலும் 773 பேரும் முதல் நாளே வந்தவர்கள் இல்லை. மார்ச்சில் வந்தவன் மூன்று மாதம் இருந்தான். கடைசிக் கப்பலில் வந்தவன் சில நாள் மட்டுமே இருந்திருப்பான். இருவரையும் ஆளுக்கு ஒன்று என்று எண்ணுவது சரியா? எவன் எத்தனை நாள் அந்த மழையில் நின்றான் என்று கூட்டி, அந்த மொத்த நாட்களால் வகுப்பதல்லவா நியாயம்?

சரி, வாக்கருக்குச் சலுகை கொடுத்தே பார்ப்போம். எல்லோரும் முதல் நாளே வந்து 98 நாளும் இருந்ததாக வைத்துக்கொள்வோம். அப்படியும் ஆஸ்பத்திரிச் சாவு மட்டுமே, வருஷத்துக்கு ஆயிரம் பேருக்கு 308 என்று வருகிறது. உண்மையில் இதைவிட அதிகம்தான். குறைய வழியே இல்லை.

308 என்றால் என்ன என்று புரிய இன்னொரு எண் வேண்டும். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் சுகாதாரம் பற்றி விசாரித்த ராயல் கமிஷன் 1863இல் அறிக்கை தந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாகிறார்கள் என்றது. அந்த 69ஐக் கேட்டுத்தான் லண்டனே பதறியது.

அந்த அறிக்கைக்குப் பின்னால் இருந்து உழைத்த பெண்மணி யார் என்று உங்களுக்குத் தெரியும். அவரிடம்தான் வரப்போகிறோம். அதற்கு முன் ஒரு ஆளை அறிமுகம் செய்ய வேண்டும். செய்யாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

டாக்டர் பிரெடரிக் ஜான் மௌவட். வங்காளச் சிறைகளின் இன்ஸ்பெக்டர். கைதிகளைக் குடியேற்ற இடம் தேடி 1857 கடைசியில் அந்தமான் கரையைச் சுற்றிவந்த குழுவின் தலைவர். இந்தத் துறைமுகத்தைத் தேர்ந்தெடுத்து, ஆர்ச்சிபால்டு பிளேரின் பெயரைச் சூட்டச் சொன்னது அந்தக் குழுதான். பிளேர் அமைத்த பழைய குடியிருப்பு இடம் மாறி, நோயிலும் சாவிலும் நொடிந்து, 1796இல் கைவிடப்பட்ட கதை மௌவட்டுக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் இங்கே கை காட்டினார். வாக்கரின் தாளில் இருக்கும் 773 பேரும் மௌவட் காட்டிய இடத்துக்கு வந்தவர்கள்.

இவர் பின்னாளில் என்ன ஆனார் தெரியுமா?

லண்டனில் ராயல் புள்ளியியல் கழகத்தின் தலைவர். ஆஸ்பத்திரிகளை எப்படிக் கட்ட வேண்டும், எப்படி நடத்த வேண்டும் என்று ஒரு கட்டடக் கலைஞரோடு சேர்ந்து புத்தகமும் எழுதினார். சிறைச் சாவுகளைக் கணக்கெடுத்துப் பழகிய கை அல்லவா!

இனி லண்டன்.

வாக்கர் தன் தாளை எழுதிய அதே 1858இல்தான் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் லண்டன் புள்ளியியல் கழகத்தின் உறுப்பினரானார். பெண்களில் முதல்வர். ஸ்கூட்டாரி ராணுவ ஆஸ்பத்திரியில் சிப்பாய்கள் குண்டடியைவிட நோயால் கொத்துக் கொத்தாகச் சாவதைக் கண்டவர். கட்டடமே ஆளைக் கொல்லும் என்பது அவர் நம்பிக்கை. காற்று வராத வார்டு, நெருக்கிப் போட்ட கட்டில், நாறும் சாக்கடை. இதை நிரூபிக்க அவருக்கு எண்கள் வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கணக்குப் புத்தகம் வேறு வேறு. ஒன்றின் எண்ணை இன்னொன்றோடு வைத்துப் பார்க்கவே முடியாது. எனவே எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரே படிவம் என்றார். வருஷத் தொடக்கத்தில் இருந்தவர்கள், சேர்ந்தவர்கள், குணமானவர்கள், குணமாகாமல் அனுப்பப்பட்டவர்கள், இறந்தவர்கள், வருஷக் கடைசியில் மீதி, சராசரியாகத் தங்கிய நாட்கள்.

வாக்கரின் ஆறு வரியை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கிட்டத்தட்ட அதே எலும்புக்கூடு! ஒரே ஒரு விஷயம்தான் வாக்கரிடம் இல்லை. நாட்கள்.

நைட்டிங்கேலின் தோழர் வில்லியம் ஃபார். இங்கிலாந்தின் பிறப்பு இறப்புக் கணக்கைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவர். அவர் ஒரு அட்டவணை போட்டார். 1861 ஏப்ரல் 8, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாளில் ஆஸ்பத்திரிகளில் படுத்திருந்தவர்கள் எத்தனை பேர்? அந்த வருஷம் முழுக்க அங்கே இறந்தவர்கள் எத்தனை பேர்? இரண்டாவதை முதலாவதால் வகுத்தார். நைட்டிங்கேல் அதைத் தன் ஆஸ்பத்திரிப் புத்தகத்தின் 1863ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சிட்டார்.

லண்டனின் 24 ஆஸ்பத்திரிகள். அன்று இருந்தவர்கள் 4,214. வருஷத்தில் இறந்தவர்கள் 3,828. நூற்றுக்கு 90.84.

நாட்டுப்புறத்துப் பெரிய ஆஸ்பத்திரிகள் 25. அங்கே நூற்றுக்கு 39.41.

தொண்ணூறு எங்கே, முப்பத்தொன்பது எங்கே!

வெடித்தது சண்டை.

லண்டன் டாக்டர்கள் கொதித்தார்கள். மருத்துவ வாரப் பத்திரிகைகளில் வாரா வாரம் கணைகள். செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியின் டாக்டர் ஜான் பிரிஸ்டோ முன்வரிசையில் நின்றார். கோபத்துக்குக் காரணம் மானம் மட்டுமல்ல. அந்த ஆஸ்பத்திரிகள் நன்கொடையில் ஓடுபவை. உள்ளே போனால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிணமாகத் திரும்புவார்கள் என்று அச்சில் வந்தால் எந்தப் பிரபு பணம் கொடுப்பார்?

சுயநலம் இருந்தது. ஆனால் சுயநலத்தோடு பேசியவர்கள் சொன்னது சரியாகவும் இருந்தது. இப்படி அபூர்வமாக நடக்கும்.

அவர்கள் வாதத்தை நான் ஒரு கணக்காகச் சொல்கிறேன். இரண்டு ஆஸ்பத்திரி. இரண்டிலும் 100 கட்டில், எப்போதும் நிரம்பியிருக்கும். இரண்டிலும் சேரும் நூறு நோயாளிகளில் ஐந்து பேர் இறக்கிறார்கள். வைத்தியத்தில் எள்ளளவும் வித்தியாசம் இல்லை. முதலாவதில் நோயாளி பத்து நாள் தங்குகிறார். வருஷத்துக்கு 3,650 பேர். சாவு 182. இரண்டாவதில் நாற்பது நாள் தங்குகிறார். வருஷத்துக்கு 912 பேர். சாவு 46. ஃபார் கோடு போட்டு வகுத்தால் முதலாவது நூற்றுக்கு 182, இரண்டாவது நூற்றுக்கு 46. நூறு பேரில் 182 பேர் சாவதா? யமனுக்கே கணக்குத் தவறும்.

கட்டில் எண்ணிக்கையால் வகுக்காதே, சேர்ந்த நோயாளிகளின் எண்ணிக்கையால் வகு என்றார்கள். லண்டனுக்கு வருபவர்கள் வண்டி மோதியவர்கள், கைவிடப்பட்ட கேஸ்கள். அவசரமாக வருவார்கள், சீக்கிரம் போவார்கள், ஏதோ ஒரு வாசல் வழியாக. கிராமத்து ஆஸ்பத்திரியில் அந்த நெருக்கடி இல்லை.

இங்கே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஃபார் கண்டுபிடித்தது தப்பான கணக்கல்ல. தப்பான ஆட்களுக்குப் போட்ட கணக்கு. ஒரு நாளில் இருந்தவர்களால் வருஷச் சாவை வகுப்பது, தங்கிய காலத்தால் வகுப்பதற்குச் சமம். அது வாக்கரின் கைதிகளுக்கு அச்சாகப் பொருந்தும், ஏனென்றால் கைதி அங்கேயே வாழ்கிறான். அவன் அங்கே கழிக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்துள்ள நாள். நோயாளி அப்படியில்லை. அவன் ஆபத்தைச் சுமந்துகொண்டே உள்ளே வருகிறான். போர்ட் பிளேரில் நாளால் வகுத்திருக்க வேண்டும், தலையை மட்டும் எண்ணினார்கள். லண்டனில் தலையால் வகுத்திருக்க வேண்டும், நாளால் வகுத்தார்கள்.

தலையால் வகுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? எங்கே தீர்ந்தது! வருகிறவர் எத்தனை வயது, என்ன நோய், எவ்வளவு முற்றியது என்று பார்க்காமல் ஒப்பிட்டால் மறுபடியும் பள்ளம்தான். 1986இல் அமெரிக்க அரசு, முதியோர் மருத்துவக் காப்பீட்டில் வந்தவர்களின் சாவு விகிதத்தை ஆஸ்பத்திரிவாரியாக முதன்முதலில் வெளியிட்டது. மிக மோசம் என்று பட்டியலில் துருத்திக்கொண்டிருந்த ஒரு இடத்தில் 87.6 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். அவர்களுடைய கணிப்போ 22.5 சதவீதம்தான். கொலைக்களமா அது? போய்ப் பார்த்தால், கடைசி நாட்களை நோகாமல் கழிக்க வந்தவர்களைப் பராமரிக்கும் இல்லம்!

அதனால் இன்றைய முறை வேறு. ஒவ்வொரு நோயாளிக்கும் அவர் வயது, நோய், உடனிருக்கும் மற்ற நோய்களை வைத்து, இறக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்கிறார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் அந்த ஆஸ்பத்திரியில் எதிர்பார்க்கத்தக்க சாவு எத்தனை என்று வரும். நிஜமாக நடந்ததை அதனால் வகுக்கிறார்கள். அப்புறம் அதிர்ஷ்டத்துக்கும் ஒரு இடம் விடுகிறார்கள். பத்து சாவை எதிர்பார்த்த சின்ன ஆஸ்பத்திரியில் ஆறும் நடக்கலாம், பதினைந்தும் நடக்கலாம். எவர் மேலும் பழி போட முடியாது. ஆயிரம் எதிர்பார்த்த இடத்தில் 1,500 நடந்தால் அது அதிர்ஷ்டமல்ல. விசாரணைக்கு ஆள் அனுப்ப வேண்டும். சின்ன ஆஸ்பத்திரிகள் நிறைந்த ஒரு தீவுக் கூட்டத்தில் இது மிக முக்கியம். ஒரு வருஷக் கணக்கை வைத்து ஒரு தீவைத் தூக்கி, இன்னொன்றை இறக்கினால் பாதி நேரம் சோழி குலுக்கியதுதான்.

வாக்கரின் இரண்டாவது வரிக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் இறந்தவர்கள். அந்த வாசலுக்கு வெளியே இறந்தவர்கள் எந்தக் கணக்கு?

இது 1858இன் கேள்வி மட்டுமல்ல. இன்று கார் நிக்கோபாரில் ஒருவருக்கு நிலைமை மோசமானால் ஹெலிகாப்டரில், முன்பு போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தின் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கேயும் முடியாவிட்டால் விமானம், சென்னை. சரியான காரியம்தான். உயிர் முக்கியம். ஆனால் அவர் சென்னையில் இறந்தால், அந்த இறப்பு யார் ஏட்டில் ஏறும்? ஆஸ்பத்திரி வாசலோடு கணக்கை முடித்தால், கடினமான நோயாளியை அனுப்பிவைத்தவர் ஏடு சுத்தமாகவும், ஏற்றுக்கொண்டவர் ஏடு கறுத்தும் தெரியும். இதற்காகத்தான் அமெரிக்காவில் சேர்ந்த நாளிலிருந்து 30 நாள் என்றும், இங்கிலாந்தில் வீடு திரும்பியதிலிருந்து 30 நாள் வரை என்றும் எல்லை வைத்து, எங்கே இறந்தாலும் எண்ணுகிறார்கள். வாசலை எடுத்துவிட்டு நாட்காட்டியை மாட்டினார்கள். உருப்படியான மாற்றம் என்பேன்.

ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. போன ஆள் என்ன ஆனான் என்று தெரிய வேண்டும்.

தெரியாவிட்டால்?

இதோ, வேண்டுமென்றே தொடாமல் வைத்திருந்த அந்த மூன்றாவது வரி. 140.

ஏன் ஓடினார்கள்? கைவிலங்கும் காட்டு வேலையும் ஒரு காரணம். நம்பிக்கை இன்னொரு காரணம். கடலைத் தாண்ட வேண்டியதில்லை, காடு வழியாகப் பத்து நாள் நடந்தால் பர்மா ராஜாவின் நாடு வந்துவிடும், அவர் வேலை கொடுப்பார் என்று ஒருவன் சொன்னான். மற்றவர்கள் நம்பினார்கள். அந்தமான் தீவு என்பதே பலருக்குத் தெரியாது. ஏப்ரலில் மரத்துண்டுகளைக் கட்டி ராஸிலிருந்து நழுவினார்கள். அம்புகள் வரவேற்றன.

வாக்கர் அவர்களைச் செத்தவர் வரியில் எழுதவில்லை. இருப்பவர் வரியிலும் எழுதவில்லை. மீதி 481 என்று எழுதும்போது 140 பேரைக் கழித்துவிட்டார். இறந்திருப்பார்கள் என்று நினைத்தாலும், பார்க்காத சாவைச் சாவாக எழுத முடியாதே! இன்று மருத்துவ ஆய்வு செய்பவர்கள் நடுவழியில் காணாமல் போன நோயாளிகளை நினைத்துத்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். எல்லோரும் செத்தார்கள் என்று ஒருமுறை, எல்லோரும் பிழைத்தார்கள் என்று ஒருமுறை, இரண்டு விதமாகவும் போட்டுப் பார்ப்பார்கள். உண்மை நடுவில் எங்கோ கிடக்கும். வாக்கரின் தாளில் அது 20க்கும் 38க்கும் நடுவில்.

தாள் போய்ச் சேர்ந்தது. மழை நின்றது. அடுத்த கோடை வந்தது.

1859 மே.

ராஸுக்கு எதிர்க்கரையில் அபர்தீன். காட்டைத் திருத்திக் கைதிகள் வேலை செய்யும் இடம். அங்கே காட்டுக்குள்ளிருந்து ஒரு உருவம் வெளியே வந்தது. பார்வைக்கு அந்தமானியர்களில் ஒருவன். வாயைத் திறந்தால் இந்துஸ்தானி.

பெயர் தூத்நாத் திவாரி. பழைய சிப்பாய். போன வருஷம் ஏப்ரலில் ஓடியவன். 140இல் ஒருவன்!

கூட ஓடியவர்கள் கண்ணெதிரே செத்து விழ, அம்புக் காயங்களோடு பிழைத்து, அந்தமானியர்களோடு ஓராண்டுக்கு மேல் வாழ்ந்து, அவர்களில் இரண்டு பெண்களை மணந்து, திரும்பி வந்திருக்கிறான்.

திரும்பி வந்தவன் சும்மா வரவில்லை. அவன் கொண்டுவந்த செய்தி ஒரே வரி: அபர்தீனைத் தாக்க அந்தமானியர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

நம்புவதா? ஒரு வருஷம் எதிரியோடு வாழ்ந்தவன். உறவும் அங்கேதான். பொறியாக இருந்தால்? நம்பாமல் விட்டு, உண்மையாக இருந்தால்?

இன்னொன்றும் இருக்கிறது. தப்பியோடிய குற்றத்துக்குப் போன வருஷம் 87 பேர் என்ன ஆனார்கள் என்பது திவாரிக்குத் தெரிந்திருக்குமா? இப்போது அவன் நிற்பது அதே டாக்டர் வாக்கரின் ஆளுகையில்.

காட்டில் கிளைகள் அசைய ஆரம்பித்துவிட்டன.

(அடுத்த வாரம்: அபர்தீன்)